மழை நாளில் போட்ட முத்திரை

எங்கள் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள் எல்லாரும் ஒரு நாள் ஒன்றுகூடப் போகிறார்களாம். அதற்கு மலர் போடுகிறார்களாம். பழைய செக்கிங் பகுதிப் பெண்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, "சரியா இருக்கா பாருங்க அக்கா" என்று எனக்கு அனுப்பியிருந்தார்கள். மருமகள் வாசித்துக் காட்டினாள். கன்னியம்மா அக்கா தட்டிப் பார்த்து அனுப்பிய ஃபோர்க் ஒன்றுகூடக் கெட்டது என்று திரும்பி வந்ததில்லை, ஒரே ஒரு முறை மேலதிகாரியின் வற்புறுத்தலால் ஒரு தவறு நேர்ந்தது, அதிலும் எழுதப் படிக்கத் தெரியாத அவரிடம் எதையோ எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று இருந்தது.

மருமகள் பெருமையாகத்தான் வாசித்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, ஒரு நோட்டு எடு, நான் சொல்லச் சொல்ல எழுது என்றேன். எனக்குப் பெயர் எழுத வரும். பஸ் போர்டை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அதற்கு மேல் ஓடாது. அதனால் இது என் பேச்சு, அவள் கையெழுத்து. அந்த மலரில் என்னைப் பற்றி ஏதாவது போடுவதாக இருந்தால் இதைப் போடட்டும். நீளம் என்றால் எதுவும் போட வேண்டாம்.

நான் பொழிச்சலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டுக்காரர் தோல் ஷெட்டில் வேலை செய்தார். எண்பதுகளின் தொடக்கத்தில், பம்மல் பக்கம் சைக்கிள் பாகம் செய்கிற கம்பெனியில் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் ராணியும் போய் நின்றோம். ராணி அடுத்த தெரு. அவள் வாய்க்குப் பயந்தே வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டான். முதல் இரண்டு வருடம் கூட்டினேன், எண்ணெய் துடைத்தேன், அட்டைப் பெட்டி கட்டினேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. மூன்றாம் வருடம் செக்கிங்குக்கு மாற்றினார்கள்.

ஃபோர்க் என்றால் சைக்கிளின் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கிற கவை. மேலே ஒரு தண்டு, கீழே இரண்டு கால். தண்டும் கால்களும் சேருகிற இடத்தைக் கிரீடம் என்போம். அந்த மூன்றையும் கிரீடத்தில் சொருகி, ஆணி அடித்து, வெண்காரம் தடவி, உருகிய பித்தளைத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். பித்தளை சந்து சந்தாக உள்ளே ஏறிப் பிடித்துக்கொள்ளும். வெண்காரம் ஓர் இடத்தில் படாமல் போனாலும், இரும்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் பித்தளை ஏறாது. வெளியே பார்த்தால் பொன் வளையம் மாதிரி அழகாக இருக்கும். உள்ளே வெறும் கரி. அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. காதால்தான்.

ஃபோர்க்கைக் கொக்கியில் தலைகீழாக மாட்டி, விரல் பருமன் கம்பியால் இடது காலில் ஒரு தட்டு, வலது காலில் ஒரு தட்டு. இரண்டும் ஒரே மாதிரி பேச வேண்டும். நல்ல ஃபோர்க் கோயில் மணி மாதிரி இழுக்கும். கெட்டது இழுக்காது, சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். ஒரு கால் இழுத்து மறு கால் மூடிக்கொண்டால் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுத் தள்ளிவிடுவோம். நல்லதென்றால் தண்டின் அடியில் அவரவர் நம்பரை உளியால் பதிப்போம். எனக்கு மூன்றாம் நம்பர். ராணிக்கு ஐந்து. என் வாழ்க்கையில் நான் எழுதிய எழுத்திலேயே அதிகம் எழுதியது அந்த மூன்றுதான்.

எங்கள் சூப்பர்வைசர் ஆபிரகாம் சார். செம்பாக்கத்திலிருந்து கறுப்பு சைக்கிளில் வருவார். வெள்ளைச் சட்டை, கையில் சாவி கொடுக்கிற வாட்ச். ஃபோர்க்கைத் தொடுவதற்கு முன்னால் வாட்சைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார், அந்த டிக்டிக் கூடக் குறுக்கே வரக் கூடாது என்று. நான் செக்கிங்குக்குப் போன அன்றைக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: "செயின் அறுந்தா எறங்கித் தள்ளலாம்மா. டயர் வெடிச்சாலும் தள்ளலாம். ஃபோர்க் போச்சுன்னா எறங்கறதுக்கு நேரமே கெடையாது. மூஞ்சிதான் மொதல்ல தரைக்கு வரும்."

நல்லவர் என்று சொன்னால் ராணி சிரிப்பாள். ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் அரை நாள் லீவு போட்டுவிடுவார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், "யாருக்கு, எத்தனை நாளா, டாக்டர் என்ன சொன்னார்" என்று மூன்று கேள்வி கேட்டுத்தான் லீவு தருவார். வேலை நேரத்தில் பேச்சு கூடாது. ஆனால் குரல் உயர்த்தியதே இல்லை. எங்களில் யாராவது தவறவிட்ட கெட்ட ஃபோர்க் அடுத்த பகுதியில் மாட்டிக்கொண்டால், அதைக் கொண்டுவந்து தன் மேசை மேல் வைத்துக்கொள்வார். டீ குடித்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் வரை அது அங்கேயே இருக்கும். யாருடைய நம்பர் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் சொல்ல மாட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

அவர் வைத்த வழக்கம் இரண்டு. மேலே ஏரோபிளேன் போனால் எல்லாரும் கம்பியை நிறுத்த வேண்டும். மீனம்பாக்கத்தில் எழும்புகிறது எங்கள் கூரையைத் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். பத்துப் பெண்கள் கையைத் தூக்கினபடி அப்படியே நிற்போம். "மேல போறவன் எட்டிப் பாத்தான்னு வையி, நமக்கோசரம் இத்தினி பொம்பளைங்க எழுந்து நின்னுகினு கீதேன்னு நென்ச்சுப்பான்" என்பாள் ராணி.

இரண்டாவது மழை. எங்கள் ஷெட்டுக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் பக்கத்தில் நிற்கிறவள் பேசுவதே கேட்காது. மழை விடுகிற வரைக்கும் ஒரு ஃபோர்க்கும் தட்டக் கூடாது, ஒரு நம்பரும் அடிக்கக் கூடாது. அந்த நேரத்தில் துரு துடைப்போம், ஆணி பொறுக்குவோம். இது எங்கேயும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. சார் சொன்னது, நாங்கள் செய்தது.

என் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் மீதி புரியும். ஒரு தடவை பெயின்ட் அடித்துப் பெட்டிக்குப் போகவிருந்த ஃபோர்க் ஒன்று தரையில் விழுந்தது. நான் தண்ணீர் குடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். விழுந்த சத்தத்தைக் கேட்டதும், "அதுல உள்ளார ஒண்ணும் இல்ல, போட்டுடுங்க" என்றேன். பெட்டி கட்டுகிற ஆட்கள் சிரித்தார்கள். சார் வந்தார். ரம்பம் கொண்டுவரச் சொல்லி அறுத்தார். வலது கால் சொருகியிருந்த இடத்தில் பித்தளை பாதிதான் ஏறியிருந்தது. அன்றிலிருந்து கம்பெனி முழுக்க என் பெயர் ஓடியது. சந்தேகம் என்றால், "மூணாம் நம்பர்கிட்ட காட்டுப்பா" என்பார்கள். பள்ளிக்கூடம் பக்கம் போகாதவளைத் தேடி டிப்ளமா படித்தவர்கள் ஃபோர்க்கைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த சுகம் எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது.

சாருக்கு அது தெரிந்திருந்தது. ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டு, "காது உங்களுக்கு நல்லா இருக்கு கன்னியம்மா. ஆனா காதும் களைக்கும். மூணு மணிக்கு மேல உங்க தட்டு அவசரமாவுது. நடுவுல கொஞ்சம் நிறுத்துங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு புது மாடலுக்கு ஃபோர்க் செய்ய ஆர்டர் வந்தது. தார் ரோட்டிலும் போக வேண்டும், ஏரிக்கரை மண் பாதையிலும் சுமையோடு போக வேண்டும் என்று கனமான கால், அகலமான கிரீடம். நல்ல சாமான். கையில் எடுத்தாலே தெரியும். தீபாவளி முடிந்த கையோடு லாரியில் ஏற்ற வேண்டும் என்று நாள் குறித்திருந்தார்கள். அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள், இரண்டு நாள், விடவில்லை. பித்தளைத் தொட்டியிலிருந்து ஃபோர்க்குகள் வந்து வந்து எங்கள் ஷெட்டில் சுவர் மாதிரி அடுக்கி நின்றன. நாங்கள் உட்கார்ந்து ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் காலையில் லாரி அனுப்புகிற அதிகாரி குடையோடு வந்து நின்றார். சாரைப் பார்த்து, எங்கள் காதில் விழுகிற மாதிரி கத்தினார். மழையில் கத்தித்தான் ஆக வேண்டும்.

"இன்னா சார் இது? மழ வந்தா பள்ளிக்கூடத்துக்கு லீவு வுடுவாங்க, கம்பெனிக்குமா லீவு?"

"கேக்காது சார். கேக்காம அனுப்ப முடியாது."

"கேக்காதுன்னா எதுக்கு இத்தன பேர வெச்சிருக்கீங்க? ஒரு மிஷின் போட்டா மழையும் கெடையாது, பிரசவமும் கெடையாது. மேல சொல்லிட்டேன், அடுத்த வருஷம் வந்துடும். காதாம் காது!"

நான் எழுந்தேன். யாரும் என்னை எழுப்பவில்லை, யாரும் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நானாகத்தான் எழுந்தேன்.

"எனக்குக் கேக்கும்" என்றேன்.

அது விளையாட்டாக நானும் ராணியும் கண்டுபிடித்த ஒன்று. ஃபோர்க் காலின் நுனியைக் காதுக்குக் கீழே தாடை எலும்பில் அழுத்தி வைத்துக்கொண்டு கிரீடத்தில் தட்டினால், சத்தம் எலும்பு வழியாக மண்டைக்குள் வரும். வெளியே ஏரோபிளேன் போனாலும் வரும். அதிகாரி சிரித்துக்கொண்டே கெட்டது இரண்டும் நல்லது மூன்றும் கலந்து என் முன்னால் வைக்கச் சொன்னார். ஐந்தையும் தாடையில் வைத்துத் தட்டினேன். இரண்டையும் பிரித்துப் போட்டேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "பாத்தியா!" என்று ராணி கையைத் தட்டினாள்.

ஆபிரகாம் சார் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டார். "அஞ்சுக்கு சரிம்மா. இங்க நானூறு இருக்கு. வேணாம். நாளைக்கு மழை விட்டுடும்."

"நாளைக்கு விட்டுடறேன்னு வானம் உங்ககிட்ட வந்து சொல்லிச்சா சார்?"

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். சாரும் கொஞ்சம் சிரித்தார். "நான் ஒத்துக்க மாட்டேன்மா. வழக்கம்னு ஒண்ணு இருக்கு."

அப்போது நான் கேட்டது இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது. "ஏன் சார், என் நம்பர் மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லியா? இல்லன்னா சொல்லிடுங்க, நாளையிலேந்து நான் வேலைக்கு வரல."

அத்தனை பேர் முன்னால் கேட்டேன். அவர் என்ன செய்வார்? சரக்கை வெளியே விடுகிற கேட் சீட்டில் கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன்னால், "களைச்சா நிறுத்திடுங்க. பாதியில நின்னாலும் பரவால்ல. என்கிட்ட வந்து சொல்லுங்க" என்றார். சரி என்றேன்.

காலையில் நன்றாகத்தான் கேட்டது. கெட்டது எட்டோ ஒன்பதோ பிரித்துப் போட்டேன். சாப்பாட்டுக்கு நிறுத்தினபோது வாயை அகலத் திறக்க முடியவில்லை. ராணி, "இன்னாடி, கன்னம் செவந்து போய்க் கீது, போதும் வுடு" என்றாள். கஞ்சித் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பவும் நின்றேன். மூன்று மணிக்கு மேல் தாடை மரத்துப் போனது. பல் பிடுங்க ஊசி போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. தட்டினால் சத்தம் வந்தது. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி வந்தது. நல்லதும் கெட்டதும் எனக்குத் தெரியவில்லை.

இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அப்போது மிச்சம் நூறு இருக்கும். சார் பத்தடி தள்ளி மேசையில் உட்கார்ந்திருந்தார். வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லியிருக்கலாம். அதிகாரி வாசலில் குடையோடு நின்றிருந்தார். அவர் முன்னால் போய், எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்ணால் பொன் வளையத்தைப் பார்த்தேன், தாடையில் வைத்துத் தட்டுகிற மாதிரி தட்டினேன், மூன்று அடித்தேன். மூன்று, மூன்று, மூன்று. ஐந்து மணிக்கு லாரி கிளம்பியது. அதிகாரி எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். வீட்டுக்கு ஈரத்தில் நடந்து போகும்போதுகூட, ஒன்றும் ஆகாது, தொட்டிக்காரர்கள் ஒழுங்காகத்தான் முக்கியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் சார் என்னைக் கூப்பிட்டார். மேசை மேல் ஒரு ஃபோர்க் இருந்தது. கறுப்புப் பெயின்ட், மண் அப்பியிருந்தது. இடது கால் கிரீடத்திலிருந்து உருவிக்கொண்டு தனியாகக் கிடந்தது. சொருகியிருந்த இடத்தில் நகம் அளவுக்குப் பித்தளை, மீதி கரி. தண்டைத் திருப்பிக் காட்டினார். மூன்று.

திருநீர்மலைப் பக்கம் பால் ஊற்றுகிறவர் ஒருவர். முன்னால் இரண்டு கேன், பின்னால் இரண்டு கேன். சரிவில் இறங்கும்போது ஃபோர்க் போய்விட்டது. சார் மேசையிலிருந்த வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டார். "வாங்கம்மா, அவரப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார். பஸ்ஸில் போனோம். சார் முன்னால் நின்றார், நான் பின்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் பால்காரருக்கு முகம் முழுக்கக் கட்டு. ஒரு கண் போய்விட்டது என்று அவர் சம்சாரம் வெளியிலேயே சொல்லிவிட்டாள். கம்பெனியிலிருந்து வந்திருக்கிறார்கள் என்றதும் அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். தாடை கட்டியிருந்ததால் பேச்சு குழறியது.

"ஏன் சார், நான்தான் ஓவரா வெயிட்டு ஏத்திட்டேனா? நாலு கேன் வேணாம், மூணு போதும்னு இவ சொல்லிகினே இருந்தா. நான்தான் கேக்கல."

"இல்லய்யா" என்றார் சார். "நீங்க ஏத்தினது சரி. நாலு கேன் தாங்கறதுக்குத்தான் அது செஞ்சது. தப்பு எங்க பேர்ல."

பால்காரர் மீதியிருந்த கண்ணை என் பக்கம் திருப்பிப் பார்த்தார். நானும் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் விசாரணை. பர்சனல் ஆபீசர் அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே பெஞ்சில் ஆபிரகாம் சார் உட்கார்ந்திருந்தார். அவர் எழுதிக் கொடுக்க வேண்டியதை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆபீசர் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"பயப்படாதீங்கம்மா. நாங்களே எழுதி வெச்சிருக்கோம். படிக்கறேன் கேளுங்க."

படித்தார். மழையினால் ஒலிச் சோதனை செய்ய இயலாது என்று நான் தெரிவித்தும், மேற்பார்வையாளர் வற்புறுத்தியதன் பேரில் முத்திரை இட்டேன். இதுதான் அதில் இருந்தது. ஆபிரகாம் சார் சரக்கை ஓயாமல் கெட்டது என்று தள்ளிக்கொண்டே இருக்கிறார் என்று மேலே அவர் மேல் ஏற்கெனவே கோபம் இருந்தது. அது ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"புரிஞ்சுதா? இன்னொரு தடவ படிக்கவா?"

"படிங்க" என்றேன்.

இரண்டாம் தடவையும் படித்தார். மெதுவாக, சொல் சொல்லாக. வற்புறுத்தியதன் பேரில் என்ற இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இப்டி இருந்தா உங்களுக்கு ஒண்ணும் வராதும்மா" என்றார். பேனாவை நீட்டினார். அன்றைக்கு மழை இல்லை. ஏரோபிளேன் இல்லை. எனக்கு ஒவ்வொரு சொல்லும் நன்றாகக் கேட்டது.

கன்னியம்மா என்று எழுத எனக்கு நேரம் ஆகும். ஒவ்வொரு எழுத்தாகத்தான் போடுவேன். நிறுத்துவதற்கு ஆறு எழுத்து இருந்தது. எழுதி முடித்தேன்.

பிள்ளைகள் இருந்தார்கள், வேலை போனால் என்ன ஆவது என்று பயந்தேன் என்று சொல்லலாம். கேட்கிறவர்கள் சரி என்பார்கள். பயமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வேறு ஒன்று இருந்தது. எனக்குக் கேட்காமல் போனது என்று நாலு பேருக்குத் தெரிவதை என்னால் தாங்க முடியாது. மூன்றாம் நம்பர் தவறினாள் என்று யாரும் சொல்லக் கூடாது. அதற்குத்தான் போட்டேன்.

சாரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் எழுதிக் கொடுத்ததில் என்னைப் பற்றி ஒரு சொல் இல்லையாம். "கேட் சீட்டில் கையெழுத்துப் போட்டது நான், பொறுப்பு என்னுடையது" என்று மட்டும் எழுதியிருந்தாராம். கடைசி நாள் ஷெட்டுக்கு வந்து எல்லாரையும் பொதுவாகப் பார்த்து, "வரேன்மா" என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கேட் வரை போய், அங்கேதான் ஏறினார்.

ராணி என் பக்கத்தில் வந்து, "நீ இன்னாடி பண்ணுவ, பாவம். உனக்கு எழுத்தா தெரியும்? எத்தையோ எழுதி வெச்சிகினு கையெழுத்து வாங்கிட்டானுங்கோ. பேமானிப் பசங்க" என்றாள். மற்ற பெண்களும் அப்படியே சொன்னார்கள். வாய் திறந்து, இல்லை, வாசித்துக் காட்டினார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவள் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகிறவள் நான். அன்றைக்குப் பேசாமல் இருந்தேன். ஷெட் முழுக்க அதையே பேசிப் பேசி அதுவே உண்மை ஆகிவிட்டது. இப்போது மலர் வரைக்கும் வந்துவிட்டது.

ஒரு வருடம் போல ஆகியிருக்கும். மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பாக்கம் போனேன். ஏரிப் பக்கம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். சார் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சைக்கிள் கடைக்காரர்கள் கொடுத்த சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். கம்பெனியில் வெள்ளைச் சட்டை போட்டிருந்தவர் பனியனோடு இருந்தார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, எங்கே ஆடுகிறது என்று பார்த்து, அந்த இடத்துக் கம்பியைத் திருகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"வாங்க கன்னியம்மா. இங்க வரைக்கும் வந்துட்டீங்களா. உக்காருங்க."

அவர் சம்சாரம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் சொல்லத்தான் போனேன். வழி முழுக்க அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். சார் முந்திக்கொண்டார்.

"அந்தப் பேப்பரப் பத்தி நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்கம்மா. என்கிட்டயும் காட்டினாங்க. உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா? அவங்க உங்கள ஏமாத்திட்டாங்க. உங்க மேல எனக்குக் கோவமே கெடையாது."

இப்படிச் சொல்லிவிட்டு, என் பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டார். நான் சொம்புத் தண்ணீரைக் குடித்தேன். முழுக்கக் குடித்தேன். பையன் ஐ.டி.ஐ. சேர்ந்திருக்கிறான் என்றேன். வரேன் சார் என்று கிளம்பினேன். கேட் வரை வந்து வழியனுப்பினார்.

அதன் பிறகு சொன்ன மாதிரியே மிஷின் வந்தது. ஃபோர்க்கை அதில் மாட்டி எடை ஏற்றி அமுக்குவார்கள். மழையும் கிடையாது, ஏரோபிளேனும் கிடையாது. நல்ல மிஷின்தான், குறை சொல்ல மாட்டேன். என்னைப் பெட்டி கட்டுகிற இடத்துக்கு மாற்றினார்கள். எனக்கு அது தண்டனையாகவே இல்லை. உளியைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு மனசு லேசாகக்கூட இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில், நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்னால், ஆபிரகாம் சார் தவறிவிட்டார் என்று ராணி வந்து சொன்னாள். நெஞ்சு வலியாம். அடக்கத்துக்குப் போனோம். கூட்டத்தில் பின்னால் நின்றுவிட்டு வந்தோம். பத்து நாள் கழித்து நான் தனியாகப் போனேன். வாசலில் அந்த முக்காலி இல்லை. சார் சம்சாரம் என்னை அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். காபி போட்டுக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களப் பத்தி அடிக்கடி சொல்வாருக்கா. என்ன காது அந்தம்மாவுக்குன்னு. பாவம், படிக்கத் தெரியாத பொம்பளைய மாட்டிவிட்டுட்டானுங்கன்னு."

நான் காபியைப் பாதியில் கீழே வைத்தேன். சொன்னேன். முதலிலிருந்து சொன்னேன். சார் வேண்டாம் என்றதையும் நான் அத்தனை பேர் முன்னால் அவரைக் கேட்டதையும் சொன்னேன். மூன்று மணிக்கு மேல் கேட்காமல் போனதையும் நூறு ஃபோர்க்கில் சும்மா அடித்ததையும் சொன்னேன். பேப்பரை இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்கள் என்பதையும் சொன்னேன். என் கையை அவர் எப்போது விட்டார் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் முடித்ததும், "அவர் இருக்கும்போதே வந்து சொல்லியிருக்கலாமே" என்றார். குரல் உயரவில்லை.

"வந்தேன்மா."

"வந்து?"

"தண்ணி குடிச்சுட்டுப் போனேன்."

அவர் எழுந்தார். என் முன்னால் இருந்த டம்ளரை எடுத்தார். அதில் பாதிக் காபி இருந்தது. எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. திரும்பி வருவார், திட்டுவார் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். வெயில் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. அவர் வரவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. நானாக எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.